பதினைந்தாயிரம் குளவிகளும் வயலின் ஒரு மூலையும்

எங்கள் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறையில் என் அத்தை பூச்சி வளர்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரான ஒத்தக்கடையில் அப்போது வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருந்தன. மாடியில் ஓர் அறை காலியாக இருந்தால் அதைக் கல்லூரிப் பையன்களுக்கு வாடகைக்கு விடுவதுதான் எங்கள் தெரு வழக்கம். எதிர்வீட்டு மாடியில் நான்கு பேர் இருந்தார்கள். பக்கத்து வீட்டு மாடியில் ஆறு பேர். "உங்க மாடியில எத்தனை பேரு?" என்று யாராவது கேட்டால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "எண்ண முடியலக்கா" என்பாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. பட்டம் வாங்கியபின் அரசாங்கப் பரீட்சை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் நூலிழையில் தவறவிட்டவள். மூன்றாவது முறைக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், ஏதோ ஒரு வாரப் பயிற்சியில் சேர்ந்து, ஒரு சான்றிதழோடும் ஒரு பூதக்கண்ணாடியோடும் திரும்பி வந்தாள். பயிரைத் தின்னும் புழுவை மருந்து அடிக்காமல், இன்னொரு பூச்சியை விட்டே ஒழிக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பூச்சிக்கு முட்டை ஒட்டுண்ணி என்று பெயர். அது ஒரு பொடிக் குளவி. புழு பொரிக்க வேண்டிய முட்டையைத் தேடிப் போய், அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். அதன்பிறகு அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும்.

இதையெல்லாம் அத்தை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விளக்கியபோது அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"அந்தக் குளவிய எதுல வளப்ப?"

"அரிசி அந்துப்பூச்சி முட்டையில, மதினி."

"அது எங்க கிடைக்கும்?"

"அதையும் நாமதான் வளக்கணும்."

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊரு உலகத்துல அரிசியில அந்து விழுந்தா வெயில்ல காயப்போட்டு வெரட்டுவாங்க. நம்ம வீட்டுல மாடியக் குடுத்து வளக்கப் போறோமா?"

வளர்த்தோம். உடைத்த கம்புத் தானியத்தை அகலமான பிளாஸ்டிக் தொட்டிகளில் கொட்டி, காடாத் துணியால் மூடி, அத்தை வரிசையாக அடுக்கினாள். சில வாரங்களில் சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் துணிக்கடியில் படபடத்தன. அவற்றின் செதில் பொடி மூக்கில் ஏறாமலிருக்க, அத்தை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அறைக்குள் போவாள். அப்படியும் நாளைக்கு நூறு தும்மல் போடுவாள். அவை இட்ட முட்டைகளைச் சலித்தெடுத்து, போஸ்ட் கார்டு அளவு அட்டையில் பசை தடவி அதன்மேல் தூவுவாள். பிறகு அந்த அட்டையை, குளவி பொரிக்கப்போகும் பழைய அட்டையோடு சேர்த்து ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு மூடுவாள். பையில் பிறந்த குளவிகள் புது முட்டைகளுக்குள் தங்கள் முட்டையை இட்டுவிடும். மூன்று நான்கு நாளில் வெள்ளையாக இருந்த முட்டைகள் கறுத்துவிடும். அட்டை தயார்.

தயாரான அட்டையைப் பார்த்தால் அசல் உப்புத்தாள். முதல் அட்டையை அப்பா அப்படித்தான் நினைத்து எடுத்துப்போய், சைக்கிள் மணியின் துருவைத் தேய்த்தார். மணி பளபளத்தது. அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்கப்புறம் அட்டைகள் ஃப்ரிட்ஜுக்கு, அம்மா மல்லிகைப்பூ வைக்கும் தட்டுக்குப் போயின. குளிரில் இருந்தால் பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகுமாம். பூ எங்கே வைப்பது என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

வளர்த்தது சரி, யார் வாங்குவது? அத்தை வீடு வீடாக, வயல் வயலாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் விஷயம் பெரியப்பாவிடம் போனது. அவர் அப்பாவுக்கு அண்ணன். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊரில், கால்வாய்த் தண்ணீரில் நெல் போட்டுக்கொண்டிருந்தார். குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் அவர் வாயிலிருந்துதான் முடிவு வரவேண்டும்.

பெரியப்பாவிடம் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற மிஷின் ஒன்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டால் அவருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். புழு வந்தால் அடிப்பார். வராவிட்டால், வந்துவிடக்கூடாதே என்று அடிப்பார். பக்கத்து வயல்காரர் அடித்தால், அங்கிருந்து தப்பித்து இங்கே ஓடிவந்துவிடுமே என்று அடிப்பார். அவரிடம் போய் அத்தை, மருந்தே வேண்டாம் என்று சொன்னாள்.

பெரியப்பா மிஷினை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு ஏக்கர் தாரேன்த்தா. இந்தப் போகம் மட்டும். ஒன் பூச்சி நின்னு வேலை பாத்துச்சுன்னா நானே ஊரு பூராம் சொல்லி ஆளு புடிச்சுத் தாரேன். இல்லையின்னா அந்தத் தொட்டிய எல்லாம் கவுத்து வச்சுட்டு, நாங்க பாக்குற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும். சம்மதமா?"

"சம்மதம்ணே. ஆனா ஒண்ணு. அட்டை கட்டுனதுக்கப்புறம் அந்த ஏக்கர்ல ஒரு சொட்டு மருந்து படக்கூடாது. பட்டா அம்புட்டுக் குளவியும் செத்துப்போகும்."

"படாது."

"சத்தியமா?"

பெரியப்பா அத்தையின் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வயதில் சத்தியம் என்றால் எனக்கு ரொம்பப் பயம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவளுக்குச் சிங்கப்பூரில் ஒரு மாமா இருந்தார். அவர் அனுப்பிய பென்சில் பெட்டியில் ஒரு பட்டனை அமுக்கினால் ஷார்ப்னர் வெளியே வரும், இன்னொன்றை அமுக்கினால் விளக்கு எரியும். அவள் நாள் முழுக்க அமுக்கிக்கொண்டே இருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"எங்க வீட்டுல குளவி இருக்கு. பதினஞ்சாயிரம்."

"பொய்யி."

"எங்க அத்தை வளக்குறாங்க. ஒரு அட்டையிலயே பதினஞ்சாயிரம் இருக்கு."

"அப்பக் கொண்டு வந்து காட்டு."

பெரியப்பாவின் வயலில் அட்டை கட்ட வேண்டிய நாள் வந்தது. ஓர் ஏக்கருக்கு இரண்டு அட்டை. வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம் கட்டவேண்டும். முதல் தவணைக்கான இரண்டு அட்டைகளும் பூத்தட்டில் தயாராக இருந்தன. சாயங்காலம் பள்ளி விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போவதாக அத்தை சொல்லியிருந்தாள். அன்று காலையில் அம்மா குளிக்கப் போன நேரத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முழு அட்டையை எடுக்க மனசு வரவில்லை. கத்தரிக்கோலால் ஒன்றின் கீழ் மூலையில், பெரிய தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன். முழு அட்டைக்கு அத்தை சொன்ன கணக்கை அந்தத் துண்டுக்கும் நானே வைத்துக்கொண்டேன். பின்னங்கள் அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்தன.

பெஞ்சுக்காரி துண்டைப் பார்த்துவிட்டு, "இது உப்புத்தாள்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பொரித்துவிடும் பார் என்றேன். பெட்டியை மூடி நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காத்திருந்தோம். இதற்குள் சேதி முன்பெஞ்சுக்கும் பின்பெஞ்சுக்கும் போய், கடைசி பெஞ்சை எட்டும்போது குளவிகள் ஐம்பதாயிரமாகி, கொட்டினால் ஆள் அங்கேயே காலி என்றும் ஆகிவிட்டது. ஒரு பையன் விசும்ப ஆரம்பித்தான்.

கணக்கு டீச்சர் போர்டிலிருந்து திரும்பினார். அவர் முன்பு ஏதோ கோயிலில் கதண்டுக் குளவி கொட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்பது எனக்குத் தெரியாது.

"என்னடி அங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"டப்பாவுல என்ன?"

பொய் சொல்லக்கூடாது என்று அதே டீச்சர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். "குளவி டீச்சர்."

"எத்தனை?"

"பதினஞ்சாயிரம் டீச்சர்."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். கேலியாகச் சொல்கிற முகம் எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. அந்த நேரம் பார்த்து பெஞ்சுக்காரிக்குக் கழுத்தில் ஏதோ அரித்தது. "ஐயோ!" என்று கத்தினாள். வகுப்பறையிலிருந்து முதலில் வெளியே போனது டீச்சர்.

அடுத்த பத்து நிமிடத்தில் மணி விடாமல் அடித்தது. பி.டி. சார் விசில் ஊதினார். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அத்தனை பேரும் மைதானத்து வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றோம். வாட்ச்மேன் எங்கள் வகுப்புக் கதவையும் ஜன்னல்களையும் சாத்திவிட்டு, தன் லுங்கியை இறக்கிவிட்டுக் காலை மூடிக்கொண்டார். ஹெச்.எம். சார் ஃபயர் சர்வீஸுக்குப் போன் செய்தார். நான் பக்கத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால் அவர் பேசியது முழுக்கக் காதில் விழுந்தது.

"ஆமா சார், வகுப்புக்குள்ளதான். ஆமா, பதினஞ்சாயிரம். கூடா? கூடு எம்புட்டுப் பெருசுன்னா..." என்னைக் குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்: "ஜாமெட்ரி பாக்ஸ் சைசு சார்."

சிவப்பு வண்டி மேலூர் ரோட்டில் சைரன் போட்டுக்கொண்டு வந்தது. கூடவே ரோட்டில் போய்க்கொண்டிருந்த டூவீலர்களில் பாதியும் வந்தன. நான்கு வீரர்கள் இறங்கினார்கள். ஒருவர் ஹெல்மெட்டும் ரெயின்கோட்டும் மாட்டி, அதற்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நீள மூங்கில் கம்போடு உள்ளே போனார். எட்டாம் வகுப்பு அக்காக்கள் சாமி கும்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என் ஜாமெட்ரி பாக்ஸ் கம்பு முனையில் தட்டுத்தடுமாறி, வராந்தா வழியாக உருண்டு மண்ணில் வந்து விழுந்தது. வீரர் கம்பாலேயே அதன் மூடியை நெம்பினார்.

காம்பஸ், பாகைமானி, பாதி கடித்த கடலை மிட்டாய், அட்டைத்துண்டு.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதுவும் பறக்கவில்லை.

"எங்க பாப்பா குளவி?"

அருகில் போய்க் குனிந்தேன். அத்தை சொன்னது சரிதான், பொரித்திருந்தது. பாகைமானியின் மேல் பேனா முனையால் தொட்டு வைத்த மாதிரி புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. "அந்தா இருக்கே அண்ணே."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்க?"

"இந்தா, ஊருதுல்ல?"

"இது தூசி" என்று சொல்லி, "உஃப்" என்று ஊதினார்.

பெரியப்பாவின் வயலுக்குச் சேரவேண்டிய குளவிகள் அந்த ஒரே ஊதலில் பள்ளி மைதானம் பூராவும் பரவின.

அத்தைக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். தும்மிக்கொண்டே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முகத்தில் கட்டிய துண்டு கழுத்தில் தொங்கியது, தலைமுடியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. சிவப்பு வண்டியையும் கூட்டத்தையும் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பாகைமானியைப் பார்த்தேன்.

"ஏம்மா, குளவி வளக்குறீங்களாமே?" என்றார் ஹெச்.எம். சார், போலீஸ்காரர் குரலில்.

அத்தை பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இதுல பாருங்க சார். இது மனுசங்களக் கொட்டாது. கொட்டுறதுன்னா என்னன்னே இதுக்குத் தெரியாது. நெல்லுல புழு பொரிக்கிற முட்டையத் தேடிப் போறது மட்டுந்தான் இதுக்கு வேலை."

ஹெச்.எம். சார் மிச்சமிருந்த புள்ளிகளைப் பார்த்தார். முகம் மாறியது. "அடேயப்பா, ரெக்கையெல்லாம் இருக்கு!" என்றார். பி.டி. சார் பார்த்தார். கம்பளி போர்த்திய வீரர் வேர்வை சொட்டச் சொட்டப் பார்த்தார். கணக்கு டீச்சர் தூரத்திலிருந்தே, "கண்ணாடியில பெருசாத் தெரியும்ல, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு தடவை பார்த்தார்கள். பெஞ்சுக்காரி இரண்டு தடவை பார்த்தாள். அன்று முழுக்க அவள் பட்டனை அமுக்கவில்லை. எனக்குக் கிடைத்த வெற்றி அது ஒன்றுதான்.

கிளம்பும்போது வீரர்களில் மூத்தவர் அத்தையின் பக்கத்தில் வந்து, "ஏம்மா, ஊருல கத்தரி போட்டுருக்கேன். காய்ப்புழு தாங்க முடியல. அதுக்கு இருக்கா?" என்று கேட்டார். "அதுக்கும் அட்டை இருக்குண்ணே" என்று அத்தை போன் நம்பர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் அத்தை திட்டவேயில்லை. "எம்புட்டு வெட்டுன?" என்று மட்டும் கேட்டாள். விரலால் அளவு காட்டினேன். பெருமூச்சு விட்டாள். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

பி.டி. சார் எடுத்த வீடியோ நாங்கள் வயலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பெரியப்பாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதுவரை "கண்ணுக்கே தெரியாத பூச்சி" என்று கேலி பேசிக்கொண்டிருந்தவர், வரப்பில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"என் வயக்காட்டுக்கு வரவேண்டியத ஸ்கூலுல எறக்கிவிட்டீகளாமே? அம்புட்டும் போச்சா?"

"கொஞ்சந்தாண்ணே. இருக்கிறதே போதும்."

"போதுமோ போதாதோ! வெட்டுனது வெட்டுனதுதான்" என்றார்.

அத்தை அட்டைகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் வயலுக்குள் இறங்கி, சில எட்டு தூரத்துக்கு ஒன்றாக, நெல் தோகையின் அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளரால் அடித்தோம். நான் வாயைத் திறக்காமல் துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அட்டையும் நீள்சதுரம், வயலும் நீள்சதுரம். நான் வெட்டியது அட்டையின் இடது கீழ் மூலை. வரப்பில் நின்று பார்த்தால் வயலின் இடது கீழ் மூலை மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்தது. அந்த மூலைக்குத்தான் கேடு வரப்போகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் பெரியப்பா தினமும் காலையில் வயலில் போய்க் குனிந்து குளவியைத் தேடினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. டீக்கடையில், "என்னண்ணே, பயிருக்குத் தாயத்துக் கட்டியிருக்கீகளாமே?" என்று ஒருவர் கேட்டாராம். "ராத்திரி கண்ணுறங்க மாட்டேங்குறாரு, பொரண்டு பொரண்டு படுக்குறாரு" என்று பெரியம்மா போனில் அம்மாவிடம் சொன்னாள்.

இரண்டாவது தவணைக்குப் போனோம். மோட்டார் ரூம் சுவரில் மருந்தடிக்கிற மிஷின் கவிழ்த்துச் சாய்த்து வைத்திருந்தது. அடியில் தண்ணீர் சொட்டி மண் நனைந்திருந்தது. எனக்கு மூக்கு எரிந்தது. தும்மினேன். அத்தை தும்மவில்லை. நின்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

"என்னண்ணே, மிஷினு நனைஞ்சிருக்கு?"

"சும்மா கழுவி வச்சேன்த்தா. துரு ஏறிறக்கூடாதுல்ல."

"இது பிளாஸ்டிக்குண்ணே."

பெரியப்பா வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு" என்றார். வானத்தில் மேகமே இல்லை. பெரியவர்களுக்கு மழை வருவது முன்கூட்டியே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை வயல் முழுக்கத் துண்டுகளைக் கட்டினாள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் வந்ததும், நான் நீட்டிய துண்டை வாங்காமல், "இந்த மூலைக்கு இன்னைக்கு வேணாம்" என்றாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். நான் வெட்டியதால் பற்றாக்குறை வந்து, அந்த மூலைக்கு இல்லாமல் போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். பையில் இன்னும் ஏழெட்டுத் துண்டுகள் மிச்சமிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அது என் கணக்கில் ஏறவில்லை.

மூன்றாவது தவணையும் கட்டி, மேலும் சில வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஊரில் ஏழெட்டுப் பேரை வயலுக்குக் கூட்டிவந்தார். அத்தையும் நானும் போயிருந்தோம். அத்தை அன்று ஒரு தும்மல்கூடப் போடவில்லை, பயத்தில் அதுவும் நின்றுவிட்டது. பக்கத்து வயலில் இரண்டு முறை மருந்தடித்தும் இலைச்சுருட்டுப் புழு தோகைகளைச் சுருட்டி, பச்சையைச் சுரண்டித் தின்று, வயல் வெளுத்துக் கிடந்தது. பெரியப்பாவின் வயல் கரும்பச்சையாக நின்றது. வந்தவர்கள் தோகையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். புழு இல்லை. "தாயத்து வேலை செஞ்சிருக்கேய்யா" என்று டீக்கடைக் கேள்வி கேட்டவரே சொன்னார். பெரியப்பா மீசையைத் தடவினார்.

பிறகு எல்லோரும் மோட்டார் ரூமைச் சுற்றிப் பின்பக்கம் போனோம்.

அந்த மூலை மட்டும் வெளேரென்று இருந்தது. வெட்டி எடுத்தாற்போல ஒரு சதுரம். தோகைக்குத் தோகை சுருட்டல்.

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்க மட்டும் ஏன் இப்பிடி?" என்று ஒருவர் கேட்டார். அத்தை வாயைத் திறந்தாள். அதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார்.

"அதையேன் கேக்குறீக! இந்தக் கழுத அட்டையில ஒரு மூலைய வெட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருச்சு. ஃபயர் சர்வீஸ் வந்துச்சே, வீடியோ பாத்தீகள்ல? அட்டையில எந்த மூலை போச்சோ, வயல்ல அந்த மூலை போச்சு. வேற ஒண்ணுமில்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் இத்தனை நாள் அதையேதான் நினைத்திருந்தேன் என்பதால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பெரியப்பாவுக்கும் அதே கணக்கு தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியம்தான் வந்தது.

"அப்பிடியாம்மா?" என்று அத்தையிடம் கேட்டார்கள்.

அத்தை வெளுத்த மூலையைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் வரப்பில் நின்ற ஒரு கொக்கைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் தலையில் கைவைத்து, "ஆமாண்ணே. துண்டு கொறஞ்சதுதான்" என்றாள். நான் ஓவென்று அழுதேன். கூட்டம் சிரித்துவிட்டது. "கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான், ஆனா ஒரு துண்டு கொறஞ்சா இப்பிடித் தெரியுதே" என்று வியந்து, அன்றைக்கே ஐந்து பேர் அட்டைக்குச் சொல்லி வைத்தார்கள். கல்யாணப் பேச்சு அப்படியே அடங்கியது. தொட்டிகள் கவிழவில்லை.

பல வருடம் கழித்து, கல்லூரி விடுமுறையில் அத்தையின் பூச்சி வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தேன். அப்போது மாடி அறை போதாமல் தனிக் கட்டடமே வந்துவிட்டது. அட்டையின் பின்பக்கம் அச்சடிக்க வேண்டிய குறிப்பை என்னிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னாள். அட்டை கட்டுவதற்கு முன்னும் பின்னும் மருந்து தெளிக்கக் கூடாது, தெளித்தால் குளவிகளோடு சிலந்தி, பொறிவண்டு போன்ற நல்ல பூச்சிகளும் செத்து, அந்த இடத்தில் புழு முன்னைவிட அதிகமாக வரும் என்று எழுதியிருந்தது. ஒரு வரியில் கூடப் பிழை இல்லை. நான்தான் அந்தக் குறிப்பை மூன்று முறை படித்தேன்.

"அத்தை, பெரியப்பா அந்த மூலையில மருந்து அடிச்சாரா?"

அத்தை தொட்டியிலிருந்து நிமிரவில்லை. "அப்பவே மோந்து பாத்துட்டேனே. பாவம், நம்பிக்கையில்லாம மறைவா ஒரு மூலையில மட்டும் அடிச்சுப் பாத்துருக்காரு. சத்தியத்த மீறிட்டாருன்னு ஊருக்கு முன்னாடி சொல்லியிருந்தா, மானம் போச்சேன்னு அட்டையே பொய்யின்னு சொல்லிருப்பாரு. நல்லவேளை, நீ வெட்டியிருந்த."

ஆனால் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த அந்த வருடப் பொங்கலுக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. பொங்கலன்று காலையில் பெரியப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார் என்று சொல்லத்தான் ஆசை, பஸ்ஸில்தான் வந்தார். பையிலிருந்து ஒரு பட்டுப்பாவாடை சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. அவர் சொந்த மகள்களுக்கே அந்த வருடம் சீட்டித்துணிதான். அம்மா வாயைப் பிளந்தாள். "இவ செஞ்ச வேலைக்கு இது வேறயா?" என்றாள். "சின்னப்புள்ள, தெரியாமச் செஞ்சுருச்சு. விடு" என்றார் பெரியப்பா. அத்தை திடீரென்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். தும்மல் வந்திருக்கும் என்று நினைத்தேன்.

பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து பெரியப்பாவின் காலில் விழுந்தேன். இவ்வளவு பெரிய தப்பைச் செய்தவளுக்கு இவ்வளவு நல்ல பாவாடையா என்று அழுகை வந்தது. இனி ஆயுசுக்கும் திருட மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன் என்று தேம்பிக்கொண்டே சொன்னேன். என்னைத் தூக்கி நிறுத்திய பெரியப்பாவின் கண்ணும் கலங்கியிருந்தது. உலகத்தில் இவரைப்போல மன்னிக்கிற மனசு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.